மச்சு ஜன்னலில் நின்றவள்

டாமர் மாவட்டத்தில் செத்தவர்கள் கண்காட்சிக்குப் பொருள் அனுப்புவது அப்படியொன்றும் புதிது இல்லை. கஸ் ஹாவர்லி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த வருஷம், அவர் போட்டிருந்த பூசணிக்காய் ஆள் போனது தெரியாமல் வளர்ந்துகொண்டே இருந்து, வேலியைச் சாய்த்துவிட்டு, சரிவில் உருண்டு, கண்காட்சி மைதானத்தில் எடை மேடைக்கு எதிரே வந்து நின்றது. முதல் பரிசு. விதவை போய் வாங்கிக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூசணி என்றால் அப்படித்தான்.

லோர்னா ஹோல்ட்டின் தையல் வேறு விஷயம். இரண்டு வருஷத்துக்கு முந்தின வெள்ளத்தில் அவளுடைய பிக்கப் வண்டி தாழ்வான பாலத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. ஆற்றை எவ்வளவு அலசியும் கிடைத்தவை ஒரு கெளிற்று மீனும் யாரோ ஒருவரின் ஒற்றை பூட்ஸும்தான். அப்படிப்பட்ட லோர்னாவின் பெயரில் இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கிராஸ் தையல் படம் கண்காட்சி மேஜையில் வந்து கிடந்தது. புதன்கிழமை அதற்கு நீல ரிப்பன். வியாழக்கிழமைக்குள் ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அதே படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

மகள் ஜூடித் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பஸ் நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் அசையாத முகம். அந்த முகத்தோடுதான் துப்பறிகிற வெண்டல் ப்ராக்ஹவுஸின் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அம்மாவுக்குக் கல்லு நடறாங்க. பேரு, பொறந்த தேதி, போன தேதி எல்லாம் வெட்டியாச்சு. அதுக்குள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அம்மா இருக்காங்களா, இல்லையா?"

"உங்க அப்பா என்ன சொல்றார்?"

"ஒரு மழை பெஞ்சா தேவலைங்கறார்."

வெண்டல் தலையை ஆட்டினார். டெல்மர் ஹோல்ட்டை அவருக்குத் தெரியும். மாவட்டத்து விவசாயிகள் எல்லோரையும் தெரியும். ஆலங்கட்டி மழைக்கு இழப்பீடு கேட்கிறவர்களின் கூரையைப் பார்த்து, ஓட்டை வானம் போட்டதா சுத்தியல் போட்டதா என்று சொல்வதுதான் ஓய்வு பெறும்வரை அவர் தொழில். ஒரு தடவை, ஓட்டையைத் தடவிப் பார்த்தே அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கின சுத்தியல் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டைகள் அவரிடம் பொய் சொன்னதில்லை. மனிதர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு உறுதி கிடையாது.

வண்டி ஓட்டியது உதவியாளர் ஓப்பல் ராஷ். அதற்கு முன் அவள் இறுதிச் சடங்குக் கூடத்தில் பிணங்களுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தவள். அங்கே யாரும் பதில் பேசாததால் சேர்ந்துபோன பேச்சை எல்லாம் இப்போது வெண்டலிடம் செலவு செய்துகொண்டிருந்தாள்.

"பேய் தைச்சதுன்னா கூலி யார்கிட்ட வாங்கறது?" என்றாள் வழியில். இரண்டு பக்கமும் சோளம் வண்டியைவிட உயரமாக நின்றது. ஆகஸ்ட் வெயிலில் காற்றே இல்லை. ஆனாலும் சோளத்தாள்கள் ஒன்றோடொன்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.

கைவேலைக் கொட்டகையில் மின்விசிறி சுற்றியது. வெளியே பன்றிகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஈ காக்கை இல்லை. அதே படத்தைத் தைத்து அனுப்பியிருந்த மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. நடுவில் ஒன்றே ஒன்று தொங்கியது.

எல்லோருக்கும் தெரிந்த படம்தான். முப்பதுகளின் பஞ்சத்தில் ஆன்சன் பெல்க் என்ற ஓவியர், ஹோல்ட் பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் ஒரு கோடை முழுக்கத் தங்கி, தின்ற சோற்றுக்குப் பதிலாக அந்தப் பண்ணையையே வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். போர்வைக்குள் யாரோ படுத்திருப்பது போன்ற குன்றுகள். பஞ்சு மிட்டாய் மாதிரி உருண்டை மரங்கள். வெள்ளை வீடு. கூர்மையான முகட்டுக்குக் கீழே மச்சு ஜன்னல். அது மட்டும் கறுப்பு. பிற்பாடு சர்ச்சுப் பெண்கள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தையல் படமாக்கினார்கள். அன்றிலிருந்து அது இல்லாத வீடு மாவட்டத்தில் கிடையாது. நீங்கள் சூப் குடிக்கும்போது அந்தக் கறுப்பு ஜன்னல் உங்களைப் பார்க்கும். டெல்மர் வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே நீங்கள் படத்துக்குள்ளேயே உட்கார்ந்து சூப் குடிப்பீர்கள்.

லோர்னா பெயரில் வந்த படத்தில் ஜன்னல் கறுப்பாக இல்லை. அங்கே ஒரு பெண் நின்றாள். நீல உடை. முகம் நேராக நம்மைப் பார்த்தபடி. ஒரு கை தூக்கியிருந்தது.

"லோர்னா நீலம் போட்டதே இல்ல" என்றாள் கொட்டகைப் பொறுப்பாளர் ஆர்லீன் வாஸ், வாசலுக்கு வெளியே நின்றபடியே. புதன்கிழமையிலிருந்து அவள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போகவில்லை. ரிப்பனைக்கூட நடுவர் இடுக்கியில் பிடித்துத்தான் குத்தினார் என்றாள். செவ்வாய்க்கிழமை ஒரே கூட்டம், யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. புதன்கிழமை முழுக்கக் கதவு திறந்துதான் கிடந்தது. சாப்பிடப் போய்வந்தபோது மூலையில் இருந்த நாற்காலியில் பெத்தானி சர்ச்சுக்காரி ஒருத்தி மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள் என்றாள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று உள்ளூர்ப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்து தைக்கும் நாற்காலி அது. அதில் தைப்பவளைப் பார்ப்பதும் ஒன்று, மின்விசிறியைப் பார்ப்பதும் ஒன்று.

அதைவிட ஆர்லீனுக்கு இன்னொரு மனக்குறை இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கென்று அவள் ருபார்ப் கேக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கடைசித் துண்டை யாரோ எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

"கடைசித் துண்டையா?" என்றாள் ஓப்பல், கொலை நடந்த இடத்தில் கேட்கிற குரலில்.

"முழுசா. தட்டுல துணுக்குகூட இல்ல. வெளியூர்க்காரங்கதான் யாராவது."

டாமர் மாவட்டத்தில் கடைசித் துண்டை யாரும் தொடுவதில்லை. பாதியாக வெட்டுவார்கள். அந்தப் பாதியைப் பாதியாக. சாயங்காலம் தட்டில் நகக்கண் அளவு ஒரு சில்லு மிஞ்சும், அதையும் வெட்டக் கத்தி தேடுவார்கள். ஒரு வீட்டில் போன வருஷக் கேக்கு இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

வெண்டல் அட்டையிலிருந்து குண்டூசிகளைக் கழற்றி, துணியை வெளிச்சத்தில் பிடித்தார். கிராஸ் தையலில் ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு கீழ்க்கால், ஒரு மேல்கால். வலது கைக்காரிக்கு மேல்கால் ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரிக்கு மறு பக்கம். இந்தப் படத்தில் எல்லாமே இடது கைச் சாய்வு. மரம், குன்று, வீடு, ஜன்னல் பெண் எல்லாம்.

"லோர்னா இடது கை" என்றாள் ஆர்லீன். குரல் இறங்கிவிட்டது. "இந்த மாவட்டத்துல இடது கையில தைக்கறவ அவ ஒருத்திதான்."

வெண்டல் துணியைத் திருப்பினார். தையலில் முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் கடவுளுக்கும் நடுவருக்கும். இந்த நடுவர் திருப்பிப் பார்க்கப் பயந்திருக்கிறார். பார்த்திருந்தால் ரிப்பன் கிடைத்திருக்காது. முடிச்சுக்கு மேல் முடிச்சு, குறுக்கே ஓடிய நூல், கோழி கிளறிப் போட்ட வைக்கோல். ஆர்லீன் தன்னை மறந்து இரண்டடி உள்ளே வந்து பார்த்துவிட்டு, லோர்னாவின் பின்பக்கம் இப்படி இருக்காது என்றாள். அவள் தைத்ததில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"இங்க மட்டும் சுத்தமா இருக்கே" என்று ஓப்பல் ஜன்னல் பெண்ணின் முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே நூல் வாரிவிட்ட தலைபோல் படிந்திருந்தது.

"தைக்கத் தைக்கக் கை பழகியிருக்கும்" என்றார் வெண்டல். சொன்னாரே தவிர, அந்த ஜன்னலில் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. நீல நூல் போன துளைகளின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ பிசிறு. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காத ஓட்டையைத் தொழிலில் அவர் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றிப் பேசாமல் துணியின் விளிம்புக்குப் போனார்.

விளிம்பில் வரிசையாகப் பல் பதிந்த தடம். ஒன்றிரண்டு இடத்தில் கரும்பச்சைக் கறை. முகர்ந்து பார்த்தார். டிராக்டர் கிரீஸ்.

வண்டியில் ஏறியதும் ஓப்பல் கேட்டாள். "சொல்லுங்க. பேயா, பொம்பளையா?"

"ரெண்டும் இல்ல. பொம்பளைங்க துணியைச் சட்டத்துல மாட்டுவாங்க, இல்ல ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில தைப்பாங்க. இந்தத் துணியைப் பட்டறை வைஸ்ல, இரும்பை இறுக்கிப் பிடிக்கற அந்தக் கவ்வியில, கவ்வ வெச்சுத் தைச்சிருக்கு. எதுக்கு?"

ஓப்பல் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினாள். அது அவளுக்கு அபூர்வம். "பிடிச்சுக்க இன்னொரு கை இல்லாததால" என்றாள்.

டெல்மர் ஹோல்ட்டின் வலது கையைச் சோளம் பறிக்கும் இயந்திரம் வாங்கிக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

வெண்டல் மைதானத்திலிருந்தே ஜூடித்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார், அப்பா வீட்டுக்கு வந்துவிடு என்று. அவர்கள் போனபோது காலிப் பள்ளிக்கூட பஸ் முற்றத்தில் நின்றது. குன்றுகள் அதே மாதிரி படுத்திருந்தன. மரங்கள் அதே மாதிரி உருண்டையாக இருந்தன. மாவட்டம் முழுக்கச் சுவர்களில் பார்த்து அலுத்த அந்த வீடு, நிழலோடும் ஒட்டடையோடும் உண்மையாகவே அங்கே நின்றது. ஓப்பல் மேலே பார்க்காமல் நடந்தாள். வெண்டல் பார்த்தார். மச்சு ஜன்னல் கறுப்பு. அவ்வளவு வெயிலிலும் அதற்குள் ஒன்றும் தெரியவில்லை.

டெல்மர் சமையலறை மேஜையில் இருந்தார். ஜூடித் கொண்டுவந்த ஆப்பிள் கேக் எல்லோருக்கும் போய், தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அதை யாரும் பார்க்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். சோள விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வெண்டல், உன் பட்டறை வைஸைக் கொஞ்சம் பார்க்கலாமா டெல்மர் என்றார்.

டெல்மர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அதுல பச்சை நூல் மாட்டியிருக்கும்" என்றார். "இன்னும் எடுக்கல."

ஜூடித்தின் முகம் அப்போதும் அசையவில்லை. "நீங்களா தைச்சீங்க அப்பா?"

இரண்டு குளிர்காலம் என்றார் டெல்மர். கை போன பிறகு இடது கையால் சாப்பிட, எழுத, பொத்தான் போட எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் லோர்னா. இடது கைக்காரி சொல்லிக்கொடுத்த இடது கை. அதனால் ஊசி பிடித்தாலும் அவள் மாதிரியேதான் சாய்ந்தது. பின்பக்கத்துக்கு மட்டும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

ஆக அவ்வளவுதான். பேயும் இல்லை, லோர்னாவும் இல்லை. ஒற்றைக் கைக் கிழவர் ஒருவர் கிரீஸ் படிந்த வைஸின் முன்னால் உட்கார்ந்து தைத்த படம். ஜூடித் எழுந்து போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒன்றும் பிடிக்காமல் மூடினாள். "அப்ப ஞாயித்துக்கிழமை நட்டுடலாம்" என்றாள் சுவரைப் பார்த்து.

"அவ பேர்ல எதுக்குக் குடுத்தே?" என்று கேட்டார் வெண்டல்.

டெல்மர் தன் கையைப் பார்த்தார். "கல்லுக்குன்னு சர்ச்சுப் பொம்பளைங்க வருஷம் பூரா கேக் சுட்டு வித்தாங்க. பாஸ்டர் வந்து சொன்னார். ஜூடித்தும் சரின்னா. அவ்வளவு பேர் பாடுபட்டிருக்கும்போது எப்படி வேணாம்னு சொல்றது? அவ பேர்ல ஒண்ணு வந்தா, வேற யாராவது நிறுத்துங்கம்பாங்கன்னு பார்த்தேன்."

"நான் உங்களுக்கு வேணும்போலன்னுதான் சரின்னேன்" என்றாள் ஜூடித். "எனக்கு வேணாம். எனக்கு எப்பவும் வேணாம்."

வேண்டாத கல் ஒன்றை அப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் மரியாதையோடு தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்துவிட்டார்கள்.

"அவ போன அன்னைக்கும் இதேதான்" என்றார் டெல்மர். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "இதே இடத்துல நின்னு கேட்டா. 'இருன்னு சொல்லு, இல்ல போன்னு சொல்லு, ஏதாவது ஒண்ணைச் சொல்லு டெல்மர்'னா. நான் மழை வரும்போல இருக்குன்னேன். கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டா. அதைத்தான் தைச்சு வெச்சேன். அவ பழுப்புக் கோட்டு, முதுகு. முகம் தைக்கற அளவுக்கு என் கை வராது."

ஓப்பல் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"முதுகா?" என்றார் வெண்டல்.

"முதுகுதான். முகத்தை நான் எங்க பார்த்தேன்."

வெண்டலுக்கு அந்தப் பழுப்புப் பிசிறு இப்போது விளங்கியது. சுத்தியல் போட்ட ஓட்டையில் பிறகு ஒரு நாள் வானமும் வந்து அடித்திருக்கிறது. பழுப்பு நூலைப் பிரித்துவிட்டு, அதே துளைகளில் யாரோ நீலத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதே இடது கைச் சாய்வில். வாரிவிட்ட தலை மாதிரி பின்பக்கத்தோடு.

"டெல்மர், செவ்வாய்க்கிழமை குடுத்த பிறகு நீ அதைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. கொடுத்துவிட்டு வந்த பிறகு அவர் கண்காட்சிப் பக்கமே போகவில்லை. ஜன்னலில் ஒரு பொம்பளை என்று ஊர் சொன்னதைத்தான் கேட்டார், அது தான் தைத்த பொம்பளை என்று இருந்துவிட்டார். ஜூடித்தும் போகவில்லை, அம்மா பெயரை அங்கே எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஓப்பல் ஏற்கெனவே சுவர்த் தொலைபேசியில் கைவேலைக் கொட்டகையைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெத்தானி சர்ச்சுக்காரி யார் என்று கேட்டாள். முகம் தெரியாது, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள், வைக்கோல் தொப்பியைப் பார்த்துப் பெத்தானிக்காரி என்று நினைத்துவிட்டேன் என்றாள் ஆர்லீன். பெத்தானிக்காரர்களிடம் அப்புறம் விசாரித்தால் புதன்கிழமை தங்கள் முறையே இல்லை என்கிறார்களாம். அவள் போன பிறகுதான் தட்டைப் பார்த்தேன், கேக்கும் போயிருந்தது என்றாள்.

"என்ன கலர் உடுப்பு ஆர்லீன்?"

பதில் கம்பியில் வந்தது. ஓப்பல் தொலைபேசியை வைக்காமல் திரும்பினாள். அவள் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

"நீலம்" என்றாள். "ஜூடித், உங்க அம்மா கடைசித் துண்டு..."

"எடுத்துடுவாங்க" என்றாள் ஜூடித். "எங்க போனாலும். அவங்க நியூ ஜெர்சிப் பக்கம். எனக்கு வெக்கமா இருக்கும். 'யாராவது ஒருத்தர் முடிச்சு வெக்கணும்டி'ம்பாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகளின் கூச்சலில் அசையாத அந்த முகம் மெல்ல அசைந்தது.

வெண்டல் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் தலைக்கு மேல் இருந்த மச்சின் கனம் அவருக்குத் தெரிந்தது.

"பேயுங்க கேக் சாப்பிடாது வெண்டல்" என்றாள் ஓப்பல், அவர் கேட்காத கேள்விக்குப் பதிலாக. "அத்தனை வருஷம் அவங்களோட வேலை பார்த்திருக்கேன். ஒருத்தர்கூட ஒரு துண்டு கேட்டதில்ல. புது உடுப்பும் வாங்கினதில்ல."

டெல்மர் வெண்டலின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "நம்ம பக்கம் திரும்பியா நிக்கறா?"

"நேரா. உன்னைப் பார்த்து."

"கை?"

"ஒரு கை தூக்கியிருக்கு."

"எந்தக் கை?"

"இடது."

கூப்பிடுகிற கையா, போய்வருகிறேன் என்கிற கையா என்று டெல்மர் கேட்பார் என வெண்டல் பயந்தார். அதை அவர் தையலில் எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் சொல்ல முடியாது. டெல்மர் கேட்கவில்லை. தன் இடது கையை மேஜைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை யாரோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி.

ஜூடித் ஓப்பலின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, இணைப்பை வெட்டிவிட்டு, ஒரு எண்ணைச் சுழற்றினாள். "பாஸ்டர், ஜூடித் ஹோல்ட். கல்லு வேணாம்." மறுமுனையில் நீளமாக ஏதோ கேட்டது. "இல்ல பாஸ்டர், அதுக்கெல்லாம் இல்ல. வேணாம், அவ்வளவுதான்." டாமர் மாவட்டத்துக் கம்பியில் அந்த வார்த்தை அதுவரை போனதில்லை. அது போன வேகத்தில் வழியில் இரண்டு கம்பங்கள் சாய்ந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பிறகு பழக்கதோஷத்தில் ஓப்பல் கத்தியை எடுத்து, தட்டில் இருந்த கடைசித் துண்டைப் பாதியாக்கப் போனாள். டெல்மரின் கை குறுக்கே வந்தது.

"வெட்டாதே" என்றார். எழுந்து போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அந்தத் துண்டின் மேல் கவிழ்த்தார். "முழுசா இருக்கட்டும். அவளுக்கு வெட்டினது பிடிக்காது."